சாய்ந்த மணிக்கூண்டை நிமிர்த்த வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கில் எடுத்த படங்கள் முகநூலிலும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) நாள்தோறும் சுற்றுகின்றன. பல படங்கள் அழகுதான். அடியில் எழுதும் வரிதான் உதைக்கிறது. சில சமயம் படமே பொய் சொல்கிறது.

கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகிலுள்ள மணிக்கூண்டையே பாருங்கள். விக்டோரியா மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்ததற்காக, 1897-இல் செல்வந்தர் சியா சென் இயோக் தம் செலவில் கட்டத் தொடங்கியது. ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி. வேலை முடிந்தது 1902-இல். மகாராணி அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்! இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் கூண்டு லேசாகச் சாய்ந்தது. செயலியில் ‘நேராக்கு’ என்பதை அழுத்தினால் அந்தப் போரின் தடமும் அழிந்துவிடும்.

கூண்டின் காலடியில் நின்று கைப்பேசியை அண்ணாந்து பிடித்தால் நேரான சுவரும் பின்னால் விழுவதுபோல் தெரியும். எது உண்மைச் சாய்வு, எது கேமராவின் கோளாறு என்று பிறகு பிரிக்க முடியாது. சாய்க்காமலே முழுக் கூண்டும் அடங்கும் வரை பின்னால் தள்ளிப் போங்கள்; அகலக் கோண லென்ஸ் வேண்டாம். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டு, பக்கத்துக் கட்டடச் சுவரை ஒரு கோட்டோடு பொருத்துங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற சாய்வுதான் கூண்டினுடையது. கீழே தரை அதிகம் விழுந்தால் வெட்டிக்கொள்ளலாம்.

தைப்பூசப் படங்களில் வெள்ளி ரதமும் தங்க ரதமும் இடம் மாறிவிடுகின்றன. 1894 முதல் ஓடும் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போவது. 2017-இல் வந்த தங்க ரதம் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்குப் போவது. குழப்பத்துக்குக் கேமராவும் காரணம்: விடியுமுன் மஞ்சள் விளக்கொளியில் வெள்ளித் தகடு பொன்னாகவே பதிவாகும். கைப்பேசிக் கேமராவின் ‘புரோ’ முறையில் ஒயிட் பேலன்ஸை (விளக்கொளிக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) 3200 கெல்வின் அளவில் வைத்துப் பாருங்கள். இன்னும் மஞ்சளடித்தால் எண்ணைக் குறையுங்கள். ரதத்து விளக்குகள் வெளிறினால், திரையில் தகடு தெரியும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள்.

ஆர்மேனியன் ஸ்திரீட் சுவரோவியத்தில் உள்ள சைக்கிள் பிள்ளைகள் 2012-இல் தீட்டப்பட்டவர்கள். சைக்கிள் நிஜம், பிள்ளைகள் சாயம். சாயம் வெயிலிலும் மழையிலும் மங்கும் என்பதால், தேதி இல்லாத படம் பின்னாளில் ஒப்பிட உதவாது. புலனத்தில் சாதாரணமாக அனுப்பினால் படம் சிறுத்து, உள்ளே பதிந்திருக்கும் தேதியும் இடமும் கழன்றுவிடும். ‘ஆவணம்’ என்று தேர்ந்து அனுப்பினால் தங்கும்.

எனவே, வாசகர் படங்களை வெளியிடும்போது இடம், எடுத்த தேதி, செயலியில் செய்த மாற்றம் ஆகிய மூன்றையும் எழுதித் தரும்படி தங்கள் நாளிதழ் கேட்க வேண்டும். ‘பினாங்கு முருகன் கோயில்’ என்று மட்டும் வந்தால், செட்டியார் கோயிலா மலைக்கோயிலா என்று திருப்பிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
புகைப்பட ஆர்வலர்கள்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு