ஒரு கேன் தண்ணீருக்கு நன்றி

குப்பம் பக்கத்து உறவுகளுக்கு,

கற்கால மக்கள் கோடரி தீட்டிய குழிகள் உள்ள நம் பாறையை இனி யாரும் அகற்ற மாட்டார்கள், இருந்த இடத்திலேயே இருக்கும். நேற்று மாலை எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். நான்கு முறை படித்துவிட்டேன். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. மூன்று வாரம் நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

கையெழுத்துப் போட்ட ஊர்க்காரர்கள், கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்த ஆசிரியர்கள், மனுவைத் தெலுங்கில் எழுதித்தந்த தம்பி, இரவெல்லாம் காவல் இருந்த பிள்ளைகள் எல்லோரையும் கும்பிடுகிறேன். ஆனால் இந்த மடல் ஆடு மேய்க்கும் ஓர் அம்மாவுக்கு.

நம் மனுவின்பேரில் அதிகாரி பாறையைப் பார்வையிட வந்த அன்று உச்சிவெயில். சாய்ந்த வெயிலில் துலங்கும் குழிகள் நடுப்பகலில் கண்ணுக்குச் சிக்குவதில்லை. நான் விடாமல் பேசினேன். புதிய கற்காலத்து மக்கள் டோலரைட் எனும் கரிய கல்லைச் செதுக்கி, கொத்தி, பிறகு இப்படிப்பட்ட பாறையில் மணலும் நீரும் விட்டுத் தேய்த்துக் கோடரிக்குக் கூர் ஏற்றினார்கள். தேய்த்துத் தேய்த்து விழுந்த தடங்களே இவை. பல்லாரி அருகே சங்கனகல்லுவிலும் உண்டு. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் அகழ்ந்தபோது புதிய கற்காலக் குடியிருப்பே வெளிப்பட்டது என்றெல்லாம் சொன்னேன். வந்தவர் பாறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒன்றும் தெரியவில்லையே" என்றார். உண்மையில் தெரியத்தான் இல்லை.

"நீள்ளு போசி சூடு நாயனா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தண்ணீர் ஊற்றிப் பார் என்று சொன்னவர், தோளில் தொங்கிய கேனைத் திறந்து தானே ஊற்றினார். சொரசொரத்த பாறை கறுத்தது. குழிகள் மட்டும் வழவழவென்று மின்னின, ஓடம்போல் நீளநீளமாக, பதினொன்று. வந்தவர் குனிந்து ஒன்றில் விரலை ஓட்டினார். அதன்பின் நான் பேசவேண்டியிருக்கவில்லை.

அன்று பொழுதுசாயும்வரை அந்த ஆடு மேய்க்கும் அம்மா குடிக்க வைத்திருந்த தண்ணீர் அது. என் பாட்டிலை நீட்டினேன். அதில் இரண்டு வாய்தான் மிச்சம்.

அவருக்கு அந்தப் பாறை சீதம்ம பண்ட, அதாவது சீதம்மா பாறை. வனவாசத்தில் சீதை மஞ்சள் அரைத்த பாறை. மழை பொய்த்தால் குழிகளில் நீர் நிரப்பி வேண்டிக்கொள்வார்களாம். நீர் பட்டால் குழி தெரியும் என்று அவர் அறிந்தது அப்படித்தான். அந்தக் கதையை நான் மனுவில் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. சேர்த்தால் வலு குறையும் என்று பயந்தேன். இப்போது நெஞ்சு உறுத்துகிறது. சுற்றியிருந்த பாறைக் குண்டுகளெல்லாம் வேலிக்கல்லாகவும் சரளையாகவும் போய்விட்டன. இதில் மட்டும் ஒருவரும் உளி வைக்கவில்லை. சீதம்மா கல்லில் யார் கைவைப்பார்கள்?

பாறையருகே பலகை வைக்கப்போகிறோம். முதல் வரியில் சீதம்ம பண்ட என்ற பெயர், தெலுங்கிலும் தமிழிலும். கோடரி அதற்குக் கீழேதான். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போகிறேன். கதையை முழுதாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்த பிறகே பெயின்டரிடம் கொடுப்பேன்.