திருவையாறு – கல்லணை: தனியாகச் சைக்கிளில் போகிறவர்கள் கவனத்திற்கு

நண்பர்களுக்கு வணக்கம். நேற்று திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை வரை தனியாகப் போய்த் திரும்பினேன். போகவர 60 கிலோமீட்டருக்கு மேல். வழி முழுக்கச் சமவெளிதான், ஏற்றமே இல்லை. ஆளைச் சோர வைப்பது காற்றுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது கல்லணைக்காக மேற்கு நோக்கி மிதிக்கும்போது நன்றாக விளங்கும். அதனால் கல்லணையிலிருந்து தொடங்காதீர்கள். விடியற்காலையில், காற்று வலுப்பதற்கு முன், திருவையாற்றிலிருந்து கிளம்புங்கள். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும்.

தார்ச்சாலையை விட்டு மண்கரையில் இறங்கினால் சீமைக் கருவேல முள்ளைப் பார்த்து ஓட்டுங்கள். அது டயரைத் துளைத்து உள்ளேயே ஒடிந்து நிற்கும். டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி முள்ளை எடுக்காமல் புது டியூபை மாட்டினால் அதுவும் போய்விடும். மாற்று டியூபும் கைப்பம்பும் கட்டாயம் வேண்டும்.

ஆற்றில் தண்ணீர் வேகமாக ஓடுகிறது. தனியாகப் போகிறவர்கள் தயவுசெய்து இறங்கிக் குளிக்க வேண்டாம். கிளம்பும்போதும் வந்து சேர்ந்ததும் குழுவில் ஒரு வரி போடுங்கள்.

திருவையாற்றில் பாசிப்பருப்பு அசோகா அல்வாவைச் சூடாகச் சாப்பிடாமல் வராதீர்கள்!