டிரம்மும் டபராவும்

கானாடுகாத்தான்
18.5.2025

அன்புள்ள சொக்கு,

நலம். நலமறிய ஆவல். ஆவல் இருக்கிறவன் ஏழு மாசமாக என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பாய். கேள், கேட்க வேண்டியதுதான். உன் ஐப்பசிக் கடிதம் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து தினமும் என்னை முறைத்துக்கொண்டிருந்தது. விசாலாட்சி ஆச்சிக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை மீனா சொன்னாள், சந்தோஷம். மாடித் தோட்டத்துக்கு ஏற விடாதே. இங்கே மீனாவுக்குச் சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எனக்குக் காது இன்னும் கொஞ்சம் மந்தம். அது சில நேரம் வசதியாகவே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம்ம டபரா புது வியாபாரம் ஒன்றுக்கு மறுபடி கிளம்பிவிட்டான். இந்த முறை ஈமுப் பண்ணை இல்லை, கடற்பாசி உரம். கிளப்பிவிட்ட பாவி நான்தான். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுச் சிரி.

போன வருஷம் சித்திரையில் வந்தபோது மூன்றாங்கட்டில் என் எலுமிச்சையைப் பார்த்து "இது செடியா, ஊன்றுகோலா?" என்று கேட்டுவிட்டுப் போனாயே, அது மனசில் தைத்துவிட்டது. நம்ம ஊர் மண்ணும் அப்படி. மேலே ஒரு சாண் செம்மண், கீழே செம்புறாங்கல். ஊற்றுகிற தண்ணீர் நிற்காது, போடுகிற எரு தங்காது. சாணிக்குச் சொல்லி வைத்தால் மூட்டைக்கு விலை பேசுகிறார்கள். மாடு இருக்கிற வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், சாணிக்கு எங்கே போவது? மீன் அமிலம் போடலாம் என்றேன். மீன் கழிவுக்குச் சமமாக வெல்லமா, அதைவிடப் பணியாரம் சுடலாம் என்று மீனா முடித்துவிட்டாள். அப்போதுதான் கடற்பாசிக் கரைசல் என்று யாரோ சொல்லிக் காதில் விழுந்தது. மந்தமான காதில் அது மட்டும் தெளிவாக விழுந்தது பார்.

கார்த்திகையில் மழை ஒரு நாள் விட்டதும் டபராவின் மாருதியில் தொண்டிக்குப் போனோம். வாடை அடித்து ஓய்ந்திருந்தது. கரை முழுக்கக் கடல் ஒதுக்கிய பச்சை நாடா குவியல் குவியலாகக் கிடந்தது. நாங்கள் இரண்டு கிழவர்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புதையல் கண்டவர்கள் மாதிரி நாலு சாக்கு நிரப்பிவிட்டோம். பக்கத்தில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மாட்டுக்காய்யா?" என்று கேட்டது. "இல்லம்மா, செடிக்கு உரம். கடற்பாசி" என்றான் டபரா, அதிகாரி மாதிரி. அந்த அம்மா சாக்கிலிருந்து ஒரு கற்றையை உருவி, அடியில் வெள்ளைத் தண்டும் அதில் தொங்கிய வேரும் தெரியும்படி அவன் மூக்குக்கு நேரே நீட்டியது. "பாசிக்கு வேர் ஏதுய்யா? இது புல்லு. கடல்பசு மேயுறது."

சொக்கு, தாவரவியலில் அந்த வருஷம் நாம் மூன்று பேரும் வாங்கிய மார்க்குக்கு இப்போதுதான் பலன் கிடைத்தது. கடல்புல் என்பது நிலத்துப் புல் மாதிரியே வேர் விட்டு, பூத்து, காய்க்கிற செடி. பாசிக்கு அதெல்லாம் இல்லை. கல்லைக் கவ்விக்கொள்ள ஒரு பிடிப்பு மட்டும், சத்தை உடம்பு முழுக்க உறிஞ்சிக்கொள்ளும். இந்தப் புல்லை மேய்கிற கடல்பசுவுக்காகத்தான் கொஞ்சம் வடக்கே, புதுக்கோட்டை தஞ்சாவூர்க் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் காப்பகமாக அறிவித்தார்கள். நாங்கள் அதை டிக்கியில் அடைத்துக்கொண்டிருந்தோம். கொட்டிவிட்டு வந்தோம். அந்த அம்மாவே தள்ளிப் போய் வேறொரு ஒதுக்கைக் காட்டியது. பழுப்பு நிறம், கொத்துக் கொத்தாக, இடையிடையே பட்டாணி அளவில் காற்றுக்காய்கள். கட்டக்கோரை என்று பெயர். ஒன்றை நசுக்கினால் 'பட்' என்கிறது. டபரா வீடு வரும் வரைக்கும் ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டே வந்தான். ஸ்டியரிங் என் கையில் இருந்ததால் பிழைத்தோம்.

செய்முறை லேசுதான், கெடுத்துக்கொள்வதும் லேசு. முதல் வேலை உப்பை எடுப்பது. நம் செம்மண்ணுக்கு உப்பு ஏறினால் அப்புறம் எலுமிச்சையை மறந்துவிட வேண்டியதுதான். முற்றத்துத் தூம்பில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் மூன்று தரம் அலசினேன். ஒவ்வொரு தரமும் நாக்கில் வைத்துப் பார்த்தேன் (மீனா பார்த்த பார்வையை எழுத முடியாது). மணிக்கணக்கில் ஊறவைக்காதே, ஊறினால் உப்போடு சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கரைந்து போய்விடும். அரிவாள்மனையில் பொடியாக நறுக்கி, பத்துக் கிலோ பாசிக்கு ஒரு கிலோ வெல்லம், முப்பது லிட்டர் மழைத்தண்ணீர். ஐம்பது லிட்டர் நீல டிரம். மேலே கால்வாசி காலியாக விட வேண்டும், நுரைக்கும். நீ உடனே ஆல்கலிக் காரம் போட்டு வேகவைக்கச் சொல்வாய். கம்பெனிக்காரர்கள் பொட்டாஷ் காரத்தோடு சூடாக்கித்தான் சாறு எடுக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். அறுபத்தாறு வயசில் அடுப்பில் காரக் கொப்பரை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

டிரம்மை இரண்டு நாளைக்கு ஒரு தரம் கிளற வேண்டும், மூடியை லேசாக வைக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? எலி விழுந்துவிடும் என்று மூடியை இறுக்கித் திருகிவிட்டு, பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டேன். பேத்திக்கு உடம்பு சரியில்லை, அங்கேயே ஒன்றரை மாசம் ஆகிவிட்டது. திரும்பி வந்தால் தையில் முன்னோருக்குப் படைப்பு, அதற்கு நாலே நாள் பாக்கி. பங்காளிகள் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து இறங்கியாகிவிட்டது. லாக்கரிலிருந்து எடுத்த வெள்ளிச் சாமானையெல்லாம் மீனாவும் சின்னாச்சியும் ஒரு பகல் முழுக்கத் திருநீறு போட்டுத் தேய்த்து, பளபளவென்று மூன்றாங்கட்டை ஒட்டிய அறையில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அன்று சாயங்காலம் எனக்கு டிரம் ஞாபகம் வந்தது.

மூடி அரைத் திருகு திரும்பியதுதான் தெரியும். பொங்கலுக்கு மிச்சமான அணுகுண்டு வெடித்தது என்று முகப்பில் இருந்தவர்கள் நினைத்தார்களாம். மூடி எதிர்ச் சுவரில் பட்டு விழுந்தது. அப்புறம் வந்தது வாசனை. அதை உனக்கு விளக்க வேண்டியதில்லை. லேபில் கிப் கருவியின் குழாயைத் திறந்துவிட்டு நாம் பீரியடைக் கலைத்தோமே, அதே அழுகிய முட்டைதான், பத்து மடங்கு. பின்கட்டு முழுக்கப் பரவி, இரண்டாங்கட்டில் இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அந்தச் சனியனை அங்கேயே விட்டுவிட்டு எல்லோரும் முகப்பில் போய்ப் படுத்தோம். காலையில் மீனா கதவைத் திறந்தால் அத்தனை வெள்ளியும் தேன் நிறம். விளக்கின் கழுத்தும் செம்பின் விளிம்பும் கன்னங்கரேல். ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியை விடாது என்று உனக்கும் எனக்கும் தெரியும். சின்னாச்சிக்குத் தெரியுமா? "ஐயாமாருக்கு மனசு கோணிருச்சு" என்று கண்ணைத் துடைத்தார்கள். நான் சயின்ஸ் சொல்ல வாயெடுத்தேன். பெரியப்பச்சி ஒரு பார்வை பார்த்தார். அடங்கிவிட்டேன். மறுபடி திருநீறு, இந்த முறை தேய்த்தது நான்.

டிரம்மைக் கொட்டச் சொன்னார்கள். கொட்டவில்லை. கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போய், தினமும் காலையில் கிளறினேன். காற்றுப் பட்டதும் முட்டை வாசனை ஒரு வாரத்தில் போய்விட்டது. மாசி நடுவில் நுரை அடங்கி, பழைய கள்ளும் கடற்கரையும் கலந்த ஒரு மணம் வந்தது. பழைய வேட்டியில் வடிகட்டினேன். டிக்காஷன் நிறம். அவசரத்தில் ஒரு டம்ளரை அப்படியே துளசிக்கு ஊற்றி, நாலே நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்துவிட்டது. அதிலிருந்து வேருக்கு ஒன்றுக்கு இருபது பங்கு தண்ணீர், இலையில் தெளிக்க ஒன்றுக்கு நாற்பது, அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு.

இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்பாய். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சொற்பம். சாம்பல்சத்து பரவாயில்லை. மற்றபடி நுண்சத்துகள், சைட்டோகைனின், ஆக்சின் மாதிரி வளர்ச்சி ஊக்கிகள், எல்லாம் துளித் துளி. சாப்பாடு இல்லை, டானிக். டானிக்கை மட்டும் குடித்து யார் உடம்பு தேற்றியிருக்கிறார்கள்?

இது தெரிந்துதான் நான் ஒழுங்காகச் சோதனை செய்ய நினைத்தேன். பன்னிரண்டு தொட்டியில் கத்தரி. நாலுக்குக் கரைசல், நாலுக்கு வெல்லத் தண்ணீர், நாலுக்குச் சும்மா தண்ணீர். சாக்பீஸால் எழுத்துப் போட்டு, நோட்டில் தேதி போட்டு, உன் மாணவன் மாதிரி. சித்திரையில் பார்த்தால் கத்தரி இலை கை அகலம், காய் தொங்குகிறது. டபரா வந்த அன்று ஒரு கூடை பறித்துக் கொடுத்து, "எல்லாம் கடல் செய்த வேலை" என்று அளந்துவிட்டேன். அவன் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டான்.

அவன் போன பிறகுதான் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். கரைசல் ஊற்றிய நாலைவிட மற்ற எட்டில்தான் காய் அதிகம். எனக்குத் தலை சுற்றியது. மீனாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "பின்னே? அந்த எட்டுக்கும் நீங்க ஒண்ணும் ஊத்தலையேன்னு பாவமா இருந்துச்சு. நான்தான் மீன் கழுவுன தண்ணியும் அரிசி களைஞ்ச தண்ணியும் ஊத்துனேன்" என்றாள். இரண்டு மாசமாக! நோட்டுப் போட்டு நான் அளந்த சோதனை மொத்தமும் தொண்டி மீன்காரம்மாவின் சங்கராவில் போய்விட்டது. டபராவுக்குப் பறித்துக் கொடுத்த கூடையும் பெரும்பாலும் அந்த வரிசைதான்.

இந்த லட்சணத்தில் அவன் நேற்று வந்து சொல்கிறான், ஓய்வுப் பணத்தில் எட்டு லட்சத்தை எடுத்துக் கல்லல் பக்கம் ஒரு ஷெட் பிடிக்கப் போகிறானாம். லேபிள்கூட வரைந்தாகிவிட்டது. லேபிளில் இருப்பது என் கத்தரிக்காய். அதாவது மீனாவின் கத்தரிக்காய்.

நான் உண்மையைச் சொன்னேன். "நீ எப்பவுமே பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தான். 2021-லேயே இந்த மாதிரி ஊக்கிகளை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், பாட்டிலில் அடைத்து நினைத்தபடி விற்க முடியாது என்றேன். பார்த்துக்கலாம் என்கிறான். கூட்டுறவு உரக் கடையிலேயே சாகரிகா என்கிற கடற்பாசிச் சாறு கிடைக்கிறது, உன்னிடம் எவன் வாங்குவான் என்றேன். அவனது நாட்டுச் சரக்காம்.

பாசிக்கு எங்கே போவாய் என்று கேட்டதற்கு, "கடல்ல இல்லாததா? லாரி லாரியா எடுக்கலாம்" என்றானே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. கரை ஒதுங்கியதில் ஒரு சாக்கு எடுப்பது வேறு. லாரிக் கணக்கு என்றால் யாராவது மூழ்கித்தான் எடுக்க வேண்டும். பாம்பன் பக்கத்துப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிப் பாறையில் பிய்த்து எடுக்கிறார்கள். பாசி அற்றுப்போகக் கூடாது என்று மாசத்தில் பன்னிரண்டு நாள்தான் இறங்குவோம் என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அதில் லட்சுமி மூர்த்தி என்கிற அம்மாவுக்கு 2015-ல் சீகாலஜி பரிசு கொடுத்தார்கள், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கிற பரிசு. இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடாவின் 21 தீவும் தேசியப் பூங்கா என்று 1986-லிருந்து அவர்களுக்கு வனத்துறையோடு ஓயாத இழுபறி. அந்தப் பன்னிரண்டு நாளில் வருவதை டபரா கிலோ என்ன விலைக்கு வாங்குவான்? என் தொட்டி எலுமிச்சைக்கு ஒருத்தி மூச்சடக்க வேண்டுமா? ராத்திரி இதை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

வளர்க்கலாமே என்பான். மூங்கில் மிதவையில் பெப்சி பாசி (பெப்சி கம்பெனி வளர்க்க வைத்த வெளிநாட்டுப் பாசி), 45 நாளில் அறுவடை. ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல்லும் போட்டாகிவிட்டது. நல்லதுதான், தெரிந்தவர்கள் செய்யட்டும். அதே பாசி 2008-ல் குருசடைத் தீவில் பவளப் பாறை மேல் ஏறிப் படர்ந்து கிடந்தது. புல்லுக்கும் பாசிக்கும் வித்தியாசம் தெரியாமல் டிக்கியை நிரப்பிய நாங்களா கடலில் விதை போடுவது?

ஆகவே சொக்கு, நீ அவனிடம் பேச வேண்டும். நான் சொன்னால் பொறாமை என்பான். நீ வாத்தியார் குரலில் சொன்னால் இன்றைக்கும் கையைக் கட்டிக்கொள்வான். ஈமுவை எடுக்காதே, புண்படும். மீன் தண்ணீர்க் கதையை மட்டும் சொல், என் மானம் போனால் போகட்டும். ஜூன் ஐந்தாம் தேதி ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறானாம், அதற்குள் பேசு. நீ கேட்டால் ஆளாளுக்கு அரை டிரம் போட்டுக்கொள்ள அவனும் சம்மதிப்பான். அவனுக்கு வேண்டியது வியாபாரமில்லை, காலையில் எழுந்தால் போக ஓர் இடம். அவன் வீட்டுக்காரி போன பிறகு அவன் வீட்டில் அடுப்பு மூட்டிக்கூட நான் பார்க்கவில்லை.

உன் ரோஜாவுக்காக ஒரு லிட்டர் பாட்டில் அண்ணாமலை கையில் கொடுத்தனுப்புகிறேன், அடுத்த வெள்ளி கோவை வருகிறான். ஒரு மூடிக் கரைசலுக்கு நாற்பது மூடித் தண்ணீர். பாட்டில் மூடியை இறுக்காதே. வெள்ளிச் சாமான் இருக்கிற அலமாரிப் பக்கம் கொண்டுபோகாதே, ஆச்சியிடம் நான் பதில் சொல்ல முடியாது.

உன்,
பழனி

பி.கு: மீன் கழுவின தண்ணியும் ஒரு பாட்டில் வைக்கவா என்று மீனா கேட்கிறாள். அவளுக்கு இப்போது தொழில் போட்டி வந்துவிட்டது.