ஜே-1 விசாவுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜே-1 விசாவுக்கு வேண்டிய டி.எஸ்.-2019 என்ற தகுதிப் படிவம் மெயிலில் வந்துவிட்டது என்றாய். சந்தோஷம். ஹாஸ்டல் தோழி கொடுத்த செக்லிஸ்டை வைத்து மீதி வேலையை முடித்துவிடுவேன் என்றும் சொன்னாய். அதைக் கேட்டதும்தான் எழுத உட்கார்ந்தேன். அவள் எம்.எஸ். படிக்கப் போகிறாள், அவளுக்கு எஃப்-1 விசா, கையில் அதற்கான ஐ-20 படிவம். நீ ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் போகிறாய், உனக்கு ஜே-1. வெளிநாட்டு மாணவர்களை அமெரிக்க அரசு பதிந்து வைக்கிற செவிஸ் அமைப்புக்கான கட்டணமே அவளுக்கு 350 டாலர், உனக்கு 220. அவள் லிஸ்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, உன் டி.எஸ்.-2019-ஐ நிதானமாகப் படி. மற்ற காகிதங்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும்.

முதலில் பெயர். நம் வீட்டில் குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. உன் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. உன் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து கிவன் நேமில் இருக்கின்றன. அமெரிக்கர்கள் சர்நேமைக் காலியாக விடமாட்டார்கள். முழுப் பெயரையும் அங்கே எழுதிவிட்டு, கிவன் நேம் கட்டத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று போடுவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு விசாவில் இப்படித்தான் வருகிறது, பயப்படாதே. டி.எஸ்.-2019, டி.எஸ்.-160 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பம், செவிஸ் ரசீது மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதித் திருத்தி வாங்கு. பாஸ்போர்ட்டையே மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அதை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

அடுத்து தேதிகள். படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கும் அதிகமாக முன்னால் அங்கே இறங்க முடியாது. முடிந்த பிறகு கிளம்பி வர 30 நாள் தருவார்கள். அந்த நாட்களில் வேலை செய்யக் கூடாது. விசா ஸ்டிக்கரில் நீளமான தேதி இருந்தாலும், எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதற்கு அதை நம்பாதே. டிக்கெட்டைக்கூட டி.எஸ்.-2019 தேதியைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

அப்புறம் பணம். டி.எஸ்.-2019-ல் செலவு எவ்வளவு, அதில் யார் எவ்வளவு தருகிறார்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். ட்யூஷன் ஃபீஸை நீ இங்கேயே கட்டிவிட்டாய்; அங்கே தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும்தான் நாங்கள் காட்ட வேண்டும். அப்பாவின் எஃப்.டி.யும் என் சம்பளக் கணக்கும் அதற்குப் போதும். கைமாத்து வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டலாம் என்று ஓர் ஏஜென்ட் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். நமக்கு அது வேண்டாம்.

அதே ஏஜென்ட், சித்தப்பா நியூ ஜெர்சியில் இருப்பதை எழுதவேண்டாம் என்றாராம். டி.எஸ்.-160-ல் உறவினர் பற்றிய கேள்வி வரும். உள்ளதை உள்ளபடி எழுது. சித்தப்பா அங்கே இருப்பதால் விசா கிடைக்காமல் போகாது. பொய் சொன்னால் பிறகு எந்த விசாவுக்குப் போனாலும் அது குறுக்கே நிற்கும். கடந்த ஐந்து வருடத்தில் வைத்திருந்த சமூக ஊடகக் கணக்குகளையும் அதில் கேட்பார்கள். பழைய இன்ஸ்டா ஐ.டி.யை மறந்துவிடாதே.

இன்டர்வியூவில் 214(பி) என்று ஒரு சட்டப்பிரிவைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டு, இல்லை என்று நம்மைக் காட்டச் சொல்கிற பிரிவு அது. உனக்கு இதில் கவலையே இல்லை. நாலாவது வருடம் இங்கே பாக்கி இருக்கிறது, அங்கே எடுக்கும் கிரெடிட் இந்தப் பட்டத்தில்தான் சேரும். அதை எழுதி உன் கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கி வை. அதிகாரி கேட்டால் எடுத்துக் கொடு. மனப்பாடம் பண்ணிய பதில் எதுவும் வேண்டாம்.

ஜே-1-ல் போய்வந்த பிறகு இரண்டு வருடம் இந்தியாவில் இருந்தால்தான் சில அமெரிக்க விசாக்கள் கிடைக்கும் என்ற விதியைப் பற்றிக் கேட்டிருந்தாய். எந்த நாட்டவருக்கு எந்தப் படிப்பை வைத்து அந்த விதி வரும் என்று சொல்கிற அமெரிக்காவின் திறன் பட்டியலில் 2024 டிசம்பர் 9 முதல் இந்தியா இல்லை. படிப்பை வைத்து அந்த விதி உனக்கு வராது. ஆனால் அரசாங்கப் பணத்தில் போகிறவர்களுக்கு இன்னும் உண்டு. உன் ட்ராவல் கிராண்ட் யார் பணம் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸில் ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர் இருக்க வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று எதையும் வாங்கிவிடாதே. இன்டர்வியூ நடக்கும் அண்ணா சாலை அமெரிக்கன் கான்சலேட்டுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அன்றைக்கு அப்பா வெளியே நிற்பார்.

டி.எஸ்.-2019-ஐ பிரின்ட் எடுத்து, கீழே பேனாவால் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி எனக்கும் அனுப்பு. பேங்க் சர்டிஃபிகேட்டை அப்பா வெள்ளிக்கிழமை வாங்கிவிடுவார்.

அன்புடன்,
அம்மா