ஆடும் முறைக்கும் சொந்தக்காரரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பள்ளியில் படித்தபோது மதுரையில் எங்கள் தெருமுனைக் கடையில் பிளேஸ்டேஷனை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவார்கள். கொடுத்த காசில் பாதி, ‘லோடிங்’ என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே கரைந்துவிடும். நாம்கோ நிறுவனத்தின் ‘ரிட்ஜ் ரேசர்’ கார் பந்தயம் மட்டும் அப்படி இல்லை. பந்தயம் தொடங்கும்வரை திரையில் அதே நிறுவனத்தின் பழைய ‘கேலக்சியன்’ என்ற சுடும் விளையாட்டு ஓடும். வரிசை கட்டி நிற்கும் எதிரிகள் அத்தனை பேரையும் சுட்டுவிட்டால் கூடுதல் கார்கள் கிடைக்கும். என் தம்பிக்குக் கார் ஓட்ட வராது. அந்தச் சில நொடிகளுக்காகவே என்னோடு கடைக்கு வருவான்.

மற்ற விளையாட்டுகளில் ஏன் இது இல்லை என்பது, நானே விளையாட்டுகளுக்கு நிரல் எழுத வந்த பிறகுதான் தெரிந்தது. காத்திருக்கும் நேரத்தில் சிறு விளையாட்டைக் காட்டும் முறைக்கு அமெரிக்காவில் 1995இல் விண்ணப்பித்து, 1998இல் காப்புரிமை வாங்கியிருக்கிறது நாம்கோ. இத்தனைக்கும் 1980களிலேயே கமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்குக் கேசட்டில் வந்த விளையாட்டுகள் சிலவற்றில் இதே ஏற்பாடு இருந்தது. காப்புரிமை முடிந்தது 2015இல். அதற்குள் விளையாட்டை வட்டிலிருந்தே நேராகப் படிக்கும், அதற்காக அவ்வளவு நேரம் காத்திருக்கும் காலம் மலையேறிவிட்டது.

2014இல் வந்த ‘ஷேடோ ஆஃப் மார்டர்’ விளையாட்டில், நம்மைக் கொன்ற எதிரி அடுத்த முறை நம்மை அடையாளம் கண்டு, பழையதைச் சொல்லிக் காட்டுவான். என்ன அருமையான கற்பனை! அந்த முறைக்கு, விளையாட்டை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் 2021இல் காப்புரிமை பெற்றது. 2036 வரை செல்லும். ஆனால் 2017இல் வந்த அடுத்த பாகத்தோடு அந்த விளையாட்டு வரிசை நின்றுவிட்டது. இரண்டு பாகங்களையும் உருவாக்கிய மோனோலித் நிறுவனத்தையே 2025 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். வித்தை மட்டும் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

அடுத்தவர் எழுதிய நிரலையும் வரைந்த படத்தையும் திருடுபவரைத் தண்டிக்கப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆடும் விதம் அப்படிப்பட்டதல்ல. ஒருவர் தாண்டிக் குதித்தால், அதைப் பார்த்து இன்னொருவர் வேறு மாதிரி குதிப்பார். இந்தத் தொழில் வளர்ந்ததே அப்படித்தான்.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எம்) பிரிவு, விளையாட்டை ஆடும் முறையைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. ஆனாலும் நாங்கள் இங்கே செய்யும் விளையாட்டுகள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்பனைக்குப் போகும்போது அந்நாட்டுச் சட்டங்களுக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது. வர்த்தக ஒப்பந்தம் பேசப் போகிற நம் அதிகாரிகள், யார் வற்புறுத்தினாலும் இந்தப் பிரிவைத் தளர்த்தக் கூடாது.

இப்படிக்கு,
கைப்பேசி விளையாட்டு நிரலாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.