வெறுந்தோணிக்கு இன்னும் கடல் தெரியாது

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் அம்மா இடையில் புகுந்து சாப்பிட்டாயா என்று ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

கிளாஸ்கோவில் எல்டர் பூங்காவில் நீ எடுத்து அனுப்பிய நினைவுச் சின்னத்தின் படம் பார்த்தேன். "ஏதோ பழைய கப்பல் விபத்து" என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே, கப்பல் சமநிலைக் கணக்கு சலிப்பாக இருக்கிறது, கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது என்று இன்னொரு வரி. இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததும் எனக்கு உறுத்திவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை உட்காரவைத்து, தேடிப் படிக்கச் சொன்னேன்.

அந்தச் சின்னம் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. 1883 ஜூலை 3. கிளைட் ஆற்றங்கரையில் லிந்த்ஹவுஸ் என்ற இடம். டாஃப்னி என்று ஒரு சின்ன நீராவிக் கப்பலை இறக்குகிறார்கள். இறக்கிய கையோடு மிச்ச வேலையை முடித்துவிடலாம் என்று தச்சர், குழாய்க்காரர், எடுபிடிப் பையன்கள் என்று ஏறக்குறைய 200 பேர் கருவிகளோடு உள்ளேயே இருந்திருக்கிறார்கள். சரிவிலிருந்து வழுக்கித் தண்ணீரில் இறங்கியது. இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. 124 பேர் செத்தார்கள். எட்வர்ட் ரீட் என்பவர் விசாரித்தார். கப்பலுக்குத் தொடக்கத்திலேயே நிமிரும் பலம் போதவில்லை. அதோடு உள்ளே அத்தனை ஆளும், கட்டாமல் கிடந்த சாமானும். கொஞ்சம் சாய்ந்ததும் எல்லாம் அந்தப் பக்கமே ஓடியிருக்கும்.

அந்தக் காலத்து இரும்புக் கப்பல் கட்டும் வேலையைப் பற்றி மேலும் படிக்கப் படிக்க எனக்கு நம் தோணிப் பட்டறை ஞாபகம்தான். ஒரு பையன் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை உலையில் பழுக்கக் காய்ச்சி இடுக்கியால் வீசுவான். இன்னொருவன் பிடித்துத் துளையில் செருகுவான். உள்ளே ஒருவர் கனத்த சம்மட்டியை அதன் தலையில் அழுத்திப் பிடிக்க, வெளியே இருவர், ஒருவர் வலக்கை, ஒருவர் இடக்கை, மாறி மாறி அடிப்பார்கள். ஆறும்போது ரிவெட் சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிக்கொள்ளும். காது செவிடானவர்கள் ஏராளம். பிறகு தகட்டு விளிம்பை உளியால் தட்டித் தட்டி இடுக்கை அடைப்பார்களாம். பார், இரும்புக் கப்பலுக்கும் கலப்பத்து, நம் இடுக்கு அடைக்கிற வேலை, உண்டு! நாம் பஞ்சை வைத்து அடிக்கிறோம், அவர்கள் இரும்பை வைத்தே அடித்தார்கள்.

1880 வாக்கில் எஃகு வந்ததும் தகட்டின் கனத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்க, கப்பல் கட்டும் தரத்தை வகுக்கும் லாய்ட்ஸ் பதிவகம் அனுமதித்தது. கப்பலின் உடம்பு இளைத்தது, ஏற்றும் சரக்கு கூடியது. லாபம் பார்ப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் மேல்தளத்தை ஒடுக்கி, விலா புடைத்த சரக்குக் கப்பல்களைக் கட்டினார்கள். சூயஸ் கால்வாய்க் கட்டணமும் அதில் குறைந்தது. அந்த வகைக் கப்பல் ஒன்று, கிளான் ரனால்ட், 1909 ஜனவரியில் தென் ஆஸ்திரேலியா அருகே கவிழ்ந்தது. 64 பேரில் 40 பேர் போனார்கள். மாலுமிகளில் பெரும்பாலோர் லாஸ்கர் என்று அழைக்கப்பட்ட ஆசியர்கள். உன் தாத்தா காலத்துக்கு முந்திய பிள்ளைகள், ஐயா.

தாத்தாவை உனக்கு ஞாபகம் இருக்காது. தோணி இறக்கும் நாளில் கயிறு பிடிக்கிற மூன்று பேர் தவிர யாரையும் மேலே விடமாட்டார். ஒருமுறை முதலாளி மாலை போட்டுக்கொண்டு குடும்பத்தோடு ஏறி நின்றார். "இறங்குங்க அண்ணாச்சி. வெறுந்தோணிக்கு இன்னும் கடல் தெரியாது" என்றார் தாத்தா. அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. அடுத்த தோணியைக் கட்ட வேறு ஓடாவியிடம், அதாவது வேறு தோணித் தச்சரிடம் கொடுத்தார். தாத்தா அசையவில்லை. தண்ணீரில் மிதந்து, அடியில் பாரம் வைத்து, அது நிமிர்ந்து நின்ற பிறகுதான் ஆட்களை ஏற்றுவார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. நீ படம் போட்டுக் காட்டினாயே, சாய்ந்த கப்பல் நிமிருமா கவிழுமா என்று சொல்கிற மெட்டாசென்டர் என்று ஒரு புள்ளி, அதுதான் அவர் சொல்லத் தெரியாமல் வைத்திருந்தது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் அந்தப் பிள்ளை படித்துக் காட்டினாள். டாஃப்னி கவிழ்ந்த அதே 1883இல், கப்பல் கட்டும் முதலாளி ஒருவரின் மனைவி இசபெல்லா எல்டர் பணம் கொடுத்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கப்பல் வடிவமைப்புக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தினாராம். நீ படம் எடுத்த பூங்காவும் அந்த அம்மா ஊருக்குக் கொடுத்ததுதான்.

அந்தப் பாடத்தை மறுபடி எடுத்துப் படி. கம்ப்யூட்டர் போடட்டும், ஒரு தரம் நீ கையால் போட்டுப் பார். வந்த எண் சரியா என்று அதன்பிறகு உனக்கே தெரியும்.

இங்கே புதுத் தோணிக்கு மேல்பலகை அடித்தாயிற்று. பனிமய மாதா திருவிழா முடிந்ததும் இறக்குகிறோம். லீவு கிடைத்தால் வா. கரையில் அம்மாவோடு நின்று பார்க்கலாம். மேலே ஏற விடமாட்டேன்.

அன்புடன்,
அப்பா