புகார்ப் பெட்டிக்கு மேலே கேமரா

ஆசிரியர் அவர்களுக்கு,

பணியிட முறைகேடுகளை வெளிக்கொணர்வோரின் பாதுகாப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம், காவல்துறை போன்ற அமலாக்க அமைப்புகளிடம் புகார் செய்பவருக்கே அரணாக நிற்கிறது. தம் நிறுவனத்துக்குள் மட்டும் முறையிடுபவருக்கு அந்த அரண் இல்லை. ஆனால் நம் தொழிலாளர்கள் முதலில் போய் நிற்பது மேலாளர் அறை வாசலில்தான். பினாங்கின் பிறை நகரில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் புகார்ப் பெட்டி மனிதவளப் பிரிவின் கதவருகே, கண்காணிப்புக் கேமராவுக்கு நேர்கீழே தொங்கியது. பழைய இரும்பு விற்பனையில் எடையைக் குறைத்து எழுதுகிறார்கள் என்று ஒரு தோழர் அதில் எழுதிப் போட்டார். கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, மறுவாரமே இரவு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு வந்த இணையப் படிவமோ முதல் கட்டத்திலேயே பணியாளர் எண்ணைக் கேட்டது. யார் நிரப்புவார்?

இணையவழிப் புகார்ச் சேவையை நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத வெளியார் நடத்த வேண்டும். பெயர் கேட்காமல் ஓர் இரகசிய எண்ணை வழங்கி, அதன் வழியே விசாரணை நிலவரத்தை அறியவும் கூடுதல் ஆதாரம் அனுப்பவும் இடமளிக்க வேண்டும். அந்தப் படிவம் தமிழிலும் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளி,
பட்டர்வொர்த், பினாங்கு